ஜிஜாவின் ஹாலில் தங்கிப்போன பேச்சு

2019 மே மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாடு-கேரள எல்லையோர இஞ்சிவிளையில் ஜிஜாவின் வீட்டுக்கு மாலைச் சாயா குடிக்க வந்த பதினொரு பேரும் ஐந்தரை மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்கள் பேசிய பேச்சு மட்டும் போகவில்லை. கப்புகளைப் பொறுக்க டிரேயோடு ஹாலுக்குள் வந்த ஜிஜா, பெரிய சோபாவின் பின்னாலிருந்து, "கேக்கு கடையில வாங்கினதாக்கும்" என்று கணவனின் அக்கா கிருபாபாய் சொல்வதைக் கேட்டாள். மைனி குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள் என்று நினைத்து, "குடை வெளிய சிட்டவுட்டில இருக்கு மைனி" என்றாள். சோபாவின் பின்னால் யாருமில்லை. ஜன்னலுக்குக் கீழே, பக்கத்து வீட்டு கிருஷ்ணன்குட்டியின் குரல், என்றோ பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் ஏறிய ஒரு ஆட்டின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் அந்த நேரம் தன் வீட்டுத் திண்டில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்ததை ஜிஜா ஜன்னல் வழியாகவே பார்த்தாள். டீப்பாயின் அடியில் ஒரு குழந்தை விக்கிக்கொண்டிருந்தது. அங்கே குழந்தையும் இல்லை. ஆறு மணியானதும் எல்லாம் அடங்கின. மறுநாள் நாலு மணிக்கு, முந்தின நாள் தொடங்கிய இடத்திலிருந்தே மறுபடி தொடங்கின.

ஜிஜாவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. காரக்கோணத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டும், உள்ளே போன பஞ்சு எண்ணிக்கை பிசகாமல் வெளியே வர வேண்டும் என்பது அவளுக்கு வேலை மட்டுமல்ல, சுபாவமே அப்படித்தான். அவள் கணவன் ஷாஜி பதினாறு வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்து பாறசாலையில் டைல்ஸ் கடை வைத்திருந்தான். ஒரே மகன் ஜித்தின் பெங்களூரில். ரெண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு ஷாஜி கல்யாணம் நடத்துகிற அளவுக்கு ஒரு ஹால் கட்டியிருந்தான். கேட்டால், "ஆளு வந்து இருக்கதுக்கில்லியா வீடு கெட்டினது?" என்பான். அவன் குடும்பத்தில் மாதத்தின் ஞாயிறுகளை வீடு வீடாகப் பங்கிட்டிருந்தார்கள்; இரண்டாம் ஞாயிறு ஷாஜியுடையது. அன்றைக்கு ஜிஜா சர்ச்சிலிருந்து வந்த உடுப்போடு அடுக்களைக்குள் நுழைந்தால், பழம்பொரி, உழுந்துவடை, முந்திரிக்கொத்து, சீனி போட்ட சாயா, சீனி போடாத சாயா, பால் விடாத சாயா, கிருபாபாய்க்கு மட்டும் ஆற்றாத சாயா என்று ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிவிட்டு, ஆட்கள் எழுந்த பிறகுதான் வெளியே வருவாள். குடும்பத்தோடு சேராதவர்கள் என்றால் மதிலில் இருந்த இடைவெளி வழியாக வருகிற கிருஷ்ணன்குட்டியும் அவர் மனைவி விஜயம்மாவும்தான். கிருஷ்ணன்குட்டி அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அருகில் இருப்பவரிடம் பேசினாலும் கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். ஆக, ஜிஜாவுக்குத் தன் வீட்டுச் சாயா விருந்து என்பது கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கிற இரைச்சல். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அந்த இரைச்சல்தான் இப்போது தினமும் நாலிலிருந்து ஆறு வரை அவளுடைய ஹாலில் கிடந்தது. முதலில் துடைப்பத்தால் பெருக்கிப் பார்த்தாள். ஆண்களின் பேச்சு கனமானது, தரையோடு தங்கியிருந்தது. துடைப்பம் பட்டால் கொஞ்சம் நகர்ந்து மூலையில் போய்த் தொடர்ந்தது. பெண்களின் பேச்சு சோபா உயரத்தில் நின்றது. குழந்தைகளுடையது திரைச்சீலைக் கம்பியில் தொங்கியது. ரகசியமாகச் சொன்னவையெல்லாம் குஷன்களுக்குள் போய்விட்டன, யாராவது உட்கார்ந்தால் வெளியே வந்தன. ஜன்னல்களைத் திறந்துவைத்து டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் திருப்பினாள். திரைச்சீலை மட்டும் பறந்தது. மழை தொடங்கியதும் பேச்சு ஊறிப் பெருத்து, ஒரு வார்த்தை முடிய அரை நிமிடம் எடுத்தது. ஷாஜி முதலில் அவளைக் காது டாக்டரைப் பார்க்கச் சொன்னான், பிறகு அவனுக்கே கேட்டதும் எலக்ட்ரீஷியன் பிஜுவைக் கூப்பிட்டான். பிஜு எல்லா ஸ்விட்சையும் கழற்றிப் பார்த்துவிட்டு வயரிங்கில் கேடில்லை, எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனான். போதகர் வந்து நீளமாக ஜெபம் செய்தார். ஜெபத்தின் நடுவிலேயே நாலு மணி ஆகி, ஆட்டுக்கதை தொடங்கியதால் ஆமென் சொல்ல யாருக்கும் நினைவில்லை. மறுநாளிலிருந்து ஜெபமும் சேர்ந்துகொண்டது.

இதையெல்லாம் சொல்லி ஒரு மாதம் விருந்தை நிறுத்திவைக்கலாம் என்று ஜிஜா கேட்டபோது ஷாஜி பதறிவிட்டான். இரண்டாம் ஞாயிறு ஆட்களைக் கூப்பிடாவிட்டால், கல்ஃபிலிருந்து வந்தவனுக்குத் தலைக்கனம் என்று பேச்சு வரும் என்றான். "பேச்சு வந்தாச்சு, போவமாட்டேங்குது, அதுதானே எனக்க சங்கடம்" என்றாள் ஜிஜா. ஜூன் விருந்து நடந்தது, ஜூலை விருந்தும் நடந்தது. வந்தவர்களுக்கு முதலில் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. தங்கள் குரலைத் தாங்களே கேட்டு, கல்யாண வீடியோவில் முகம் தேடுகிறவர்கள் மாதிரி, "அது நானாக்கும், அது நானாக்கும்" என்று சிரித்தார்கள். கிருஷ்ணன்குட்டி தன் ஆட்டுக்கதை எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று மனைவியிடம் சுட்டிக்காட்டினார். ஒரு யூடியூப்காரன் மைக்கோடு வந்து மூன்று நாள் உட்கார்ந்தான். பதிவானதெல்லாம் ஃபேன் சத்தம்தான். ஆனால் ஜூன் பேச்சு மே பேச்சின்மேலும், ஜூலை பேச்சு அதற்கு மேலும் படிந்ததில், டியூட்டி முடிந்து களைத்து வருகிற ஜிஜாவுக்கு வீட்டுக்குள் நுழையும்போதே பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைகிற மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் மாத முதல் வாரத்தில் ஒரு வேலைநாளில்தான் அவள் அதைக் கேட்டாள். பழைய குஷன் உறையைக் கழற்றும்போது உள்ளேயிருந்து கிருபாபாய் தணிந்த குரலில், "ஜிஜா கையில வாங்கிக் குடிச்சா எல்லாத்துக்கும் ஆஸ்பத்திரி மணமாக்கும். சாயாவிலயும் லோஷன் விட்டிருப்பா" என்றாள். அதைத் தொடர்ந்து ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். அதில் எல்லாருடையதையும் விடச் சத்தமான, நீளமான சிரிப்பு ஷாஜியுடையது. மே மாதம் இரண்டாம் ஞாயிறு, நாலு நாற்பதுக்கு, அவள் இரண்டாவது ஈடு பழம்பொரி போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஜிஜா உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மறுநாளும் நாலு நாற்பதுக்கு வந்து நின்று கேட்டாள். அதற்கடுத்த நாளும். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் பஞ்சு எண்ணிக்கை ஒரு நாள்கூடப் பிசகவில்லை. ஆனால் கையைக் கழுவும்போது, கழுவி முடிந்த பிறகும் கையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்க்கிற பழக்கம் அந்த வாரம்தான் அவளுக்கு வந்தது.

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு அவள் அடுக்களைக்குள் போகவில்லை. ஒரு பெரிய ஃப்ளாஸ்கில் ஒரே வகைச் சாயாவைப் போட்டு டீப்பாயின் நடுவில் வைத்தாள். பக்கத்தில் ஒரு பாக்கெட் பிஸ்கட், பிரிக்காமல். ஷாஜி வழக்கமாக உட்காருகிற தனி சோபாவில் தானே உட்கார்ந்தாள். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பலகாரம் ஒண்ணும் செய்யல்லியா?" என்று கிருபாபாய் கேட்டாள். "இருங்க மைனி, நாலு நாப்பதுக்கு உண்டு" என்றாள் ஜிஜா. நாலு நாற்பதுக்கு அவள் மடியிலிருந்த குஷனை அழுத்தினாள். லோஷன் பேச்சு வந்தது, பின்னாலேயே சிரிப்பும் வந்தது. மூன்று மாதப் பேச்சுகளும் ஒரே நேரம் ஓடிக்கொண்டிருந்தும் அந்த ஒன்று மட்டும் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது. ஷாஜி தரையில் பதித்திருந்த டைல்ஸை, தன் கடையில் அதை விற்றபோதுகூடப் பார்த்திராத கவனத்தோடு பார்த்தான்.

"அது நான் செல்லினதில்ல" என்றாள் கிருபாபாய். "எனக்க சத்தம் மாதிரி வேற ஆரோ."

"மைனி, பாறசால முழுக்கத் தேடினாலும் உங்க சத்தத்துக்கு ரெண்டாவது ஆளு கிடையாது."

"ஒரு களிக்கு, தமாசுக்கு செல்லினத இப்பிடிப் பிடிச்சுவச்சா மனுசன் எப்பிடிப் பேசியது? ஆளக் கூப்பிட்டு இருத்தி அவமானப்படுத்துகா? எலே ஷாஜி, நீ கேட்டுக்கிட்டு இருக்கியே!"

"அவரு சிரிப்பாரு மைனி" என்றாள் ஜிஜா. "நல்லா சிரிப்பாரு. கேட்டீங்கல்லா?"

கிருஷ்ணன்குட்டி எழுந்து, "போட்டு, விட்டுருங்க, சாயா ஆறுது" என்று நடுவில் கையை நீட்டினார், டபுள் பெல் அடித்து பஸ்ஸை நகர்த்துகிறவர் மாதிரி. யாரும் நகரவில்லை. கிருபாபாய் மட்டும் குடையை எடுத்துக்கொண்டு, இந்த வீட்டு வாசல்படி இனி மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாக்கியமும் ஹாலில் தங்கி, அவள் செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு வந்து உட்கார்ந்தபோது அவளுக்கு முன்னாலேயே நாலு ஐம்பதுக்குச் சொல்லப்பட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. வராமலும் இருக்கவில்லை. இரண்டாம் ஞாயிறு நாலு மணிக்குப் பதினொரு பேரும் வந்து வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு போனை எடுத்து வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார்கள். சாயா இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பதையும் அப்படித்தான் கேட்டார்கள். அடுக்களையில் ஜிஜாவின் போன் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் கிடந்து அதிர்ந்தது. அவள் மறுபடி அடுக்களைக்குள் போயிருந்தாள், ஏனென்றால் வாய் பேசாத பதினொரு பேருக்கு நடுவில் உட்கார்ந்து பழைய பேச்சைக் கேட்பதைவிட வடை சுடுவது மேல். பழைய பேச்சுக்கு அலுப்பே இல்லை. கேக் கடையில் வாங்கியது, ஆடு பஸ்ஸில் ஏறியது, ஜெபம் நீண்டது. அவளும் ஷாஜியும் அடுத்த ஏழு மாதம் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதைத் தாண்டி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கில் ஊரே அடைபட்டது. களியக்காவிளையில் எல்லைச் சாலையை மறித்தார்கள். இரண்டாம் ஞாயிறுகள் விருந்தாளி இல்லாமல் வந்து போயின. ஆள் இல்லாமல் ஹால் தானே விருந்து நடத்திக்கொண்டது. கடையும் மூடிக்கிடந்ததால் ஷாஜி நாலு மணிக்குப் போய் அங்கே உட்கார்ந்துகொள்வான்; நாலு நாற்பது ஆகும் முன் எழுந்து போய்விடுவான். ஜூலை மாதம் ஜிஜா உதவிசெய்த ஒரு அறுவை முடிந்த மறுநாள் நோயாளிக்குக் கொரோனா என்று தெரிந்தது. அன்று தியேட்டரில் இருந்தவர்களைப் பதினாலு நாள் வீட்டில் ஒதுங்கியிருக்கச் சொன்னார்கள். வீட்டில் தனி வாசலும் குளியலறையும் உள்ள இடம் ஹால்தான். அவளுக்கு வந்த கோபத்தில் பையைத் தூக்கிச் சோபாவில் எறிந்தாள். குஷனிலிருந்து யாரோ யாருடைய நகையைப் பற்றியோ இரண்டு வாக்கியம் சொன்னார்கள்.

உள்கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள். ஷாஜி சமைத்து, வெளிப்பக்கம் சுற்றி வந்து ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பான். நாலு மணிக்குச் சாயா கொண்டுவந்தான். அது சாயா மாதிரி இல்லை. "இத்தன வருசம் நான் போட்டுத் தந்ததக் குடிச்சும் இதுதானா படிச்சீரு?" என்று கேட்டுவிட்டு அவள் குடித்தாள். மூன்றாம் நாள் மாலை, வெக்கையிலும் எரிச்சலிலும் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது, நாலு பத்துக்கு விஜயம்மாவின் குரல், "ஜிஜா எங்க? அவளும் வந்து இச்சிரி நேரம் இருக்கட்டு" என்றது. முந்தின வருடம் ஜூனிலிருந்து முன்னூறு தடவைக்கு மேல் சொல்லிவிட்ட பேச்சு. ஜிஜாவுக்குப் பொறுக்கவில்லை. "இங்கதான் இருக்கேன் சேச்சி, வேற எங்க போவேன்?" என்று கத்தினாள். பேச்சு நின்றது. மறுநாள் நாலு பத்துக்கு அவள் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். விஜயம்மாவின் குரல் வரவில்லை. அந்தக் கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பதில் கிடைத்தால் பேச்சு போய்விடும், விஷயம் அவ்வளவுதான் என்று தெரிந்ததும் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் வேலையைத் தொடங்கினாள். எந்த நிமிடத்தில் எந்த மூலையில் என்ன பேச்சு என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். கேக் பேச்சுக்கு, "ஆமா மைனி, வாங்கினதுதான், எனக்கு நேரமில்ல" என்றாள், போய்விட்டது. போதகரின் ஜெபத்துக்குக் கடைசிவரை நின்று ஆமென் சொன்னாள். விக்கலுக்கு டீப்பாயின் அடியில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தாள். ஆட்டுக்கதைக்கு, "பின்ன ஆடு எங்க எறங்கிச்சு?" என்று கேட்டாள், கேட்டதே போதும் என்று கதை போய்விட்டது. விடை தெரியாமல் அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளாமல், மதிலோரம் வந்த கிருஷ்ணன்குட்டியை ஜன்னலிலிருந்து கூப்பிட்டுக் கேட்டாள். "உதியன்குளங்கரையில" என்று மாஸ்க்கை இறக்கிக்கொண்டு அவர் கத்தினார். "சந்த தெவசமாக்கும் அண்ணைக்கு. ஒருத்தி வெத்தலைக் கூடையோட எறங்கினா, பின்னாலேயே அதும் எறங்கிப் போச்சு. ஒரு வருசமாச்சு, இப்பளாவது ஒருத்தி கேட்டாளே!" பொருந்தாத பதில் சொன்னால் பேச்சு போகாது, மறுநாள் இன்னும் தடித்து வரும். லோஷன் பேச்சுக்கு அவள் திட்டாகவே ஐந்தாறு பதில் சொல்லிப் பார்த்து, அது கூரைவரை வளர்ந்துவிட்டது. எட்டாம் நாள் அலுத்துப்போய், கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆமா மைனி, லோஷன் மணம் உண்டு. இருபத்திமூணு வருசமா கழுவிய கையாக்கும்" என்றாள். அது போன இடம் தெரியவில்லை. ஷாஜியின் சிரிப்பு மட்டும் தனியாக நின்றது.

சிரிப்புக்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் நாலு நாற்பதுக்கு அவனை ஜன்னலில் நிற்கச் சொன்னாள். அவன் கையில் சாயாக் கப்போடு நின்று தன் சிரிப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்டான். முன்பு ஒருநாளும் முடிவுவரை கேட்டதில்லை.

"தப்புதான்" என்றான்.

மறுநாள் சிரிப்பு வந்தது. "பெரிய தப்புதான்" என்றான். அதற்கு மறுநாளும் வந்தது. ஜிஜா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வாய்ச்சொல்லு செல்லாதயும். என்னத்துக்கு சிரிச்சீருண்ணு செல்லும்" என்றாள்.

ஷாஜி கப்பை ஜன்னல் திண்டில் வைத்தான். மழை தூறிக் கப்புக்குள் விழுந்தது. "எனக்கு அக்காவ பயமாக்கும்" என்றான். "அம்ம இல்லாம வளத்தது அவதானே. சின்னதில அவ ஆரையாவது களியாக்கினா, சிரிக்கல்லேண்ணா அடுத்தது என்னைக் களியாக்குவா. அதுனால நான் எல்லாருக்கும் முன்னால சிரிச்சிருவேன். ஐம்பது வயசாச்சு, இன்னும் அப்பிடித்தான் வருது. அண்ணைக்கு நான் உன்ன நெனச்சே பாக்கல்ல ஜிஜா. அதுதான் உள்ளது." அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு பாதியில் அறுந்து நின்றது. இருவருக்கும் அது கேட்டது. "சாயாவில மழ விழுந்தாச்சு, வேற கொண்டுவாறேன்" என்று ஷாஜி போனான். அந்த இரண்டாவது சாயா கொஞ்சம் நன்றாக இருந்தது என்று ஜிஜா பிற்பாடு ஒப்புக்கொண்டாள்.

பதினாலாம் நாள் அவளுக்கு நோய் இல்லை என்று முடிவு வந்தபோது ஹால் அமைதியாக இருந்தது. ஏதோ ஒரு மூலையில் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்டது. ஃப்ரிட்ஜ் சத்தம் என்று அவள் விட்டுவிட்டாள். அடுத்த ஆண்டு ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பால் வாங்கிவிட்டுத் திரும்பிய கிருஷ்ணன்குட்டி, தன் வீட்டு மதிலில் கை ஊன்றி நின்று, அப்படியே சரிந்து உட்கார்ந்து இறந்துபோனார். பால் பாக்கெட் உடையாமல் மடியில் இருந்தது. பதினாறாம் நாள் சடங்கு முடிந்த பிறகும் விஜயம்மா வெளியே வரவில்லை. திருவனந்தபுரத்தில் இருக்கும் மகள் ஆர்யா தன்னோடு வரச்சொல்லி இரண்டு தடவை காரோடு வந்து, இரண்டு தடவையும் காலியாகத் திரும்பினாள். மதில் இடைவெளியில் புல் முளைத்தது.

ஈஸ்டருக்கு வீடு கழுவுவதற்காக ஜிஜா அந்தப் பெரிய சோபாவை முதன்முறையாகச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டாள். சாயங்காலம் ஐந்து இருபத்தைந்துக்கு, அவள் மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தபோது, சோபா இருந்த இடத்துத் தரையிலிருந்து கிருஷ்ணன்குட்டியின் குரல் கேட்டது. வழக்கமான உரத்த குரல் இல்லை. எழுந்து நின்று வேட்டியை இறுக்கிக்கொண்டே சொல்கிற, கொஞ்சம் களைத்த குரல். "எட்டி விஜயம்மே, நான் எறங்கட்டா? நீ வாறியா?" இத்தனை பேச்சுக்கும் அடியில் கிடந்ததால் இதுவரை கேட்காமல்போன பேச்சு அது. ஹாலில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

ஜிஜா மாப்போடு நின்றாள். 'போயிட்டு வாங்கண்ணா' என்று ரெண்டு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு வருடத்துக்குப் பிறகு ஹால் அவளுக்குக் கிடைத்துவிடும். டியூட்டி முடிந்து வந்து கால் நீட்டி, ஒரு மனுசக்குரல் இல்லாமல் உட்காரலாம். வார்த்தை நாக்கு வரை வந்தது. அவள் அதை விழுங்கிக்கொண்டு, "சவம், எனக்குண்ணு வந்து சேருது பாரு" என்று மாப்பை வாளியில் போட்டுவிட்டு, புல்லை மிதித்துக்கொண்டு மதில் இடைவெளி வழியாகப் போனாள்.

"சேச்சி, அண்ணனுக்க பேச்சு ஒண்ணு எனக்க ஹாலில கெடக்கு" என்றாள். "ஆரு பதில் செல்லினாலும் அது போயிரும். நான் செல்லல்ல. நீங்க வந்து கேளுங்க."

விஜயம்மா மறுநாள் வந்தாள். ஐந்து இருபத்தைந்துக்கு வந்தால் போதும் என்று சொல்லியும் நாலு மணிக்கே வந்தாள். ஒரு வீட்டுக்குப் போனால் அப்படித்தான் போக வேண்டும் என்பது அவள் முறை. நாலு மணிக்கு வந்த ஆளுக்குச் சாயா கொடுக்காமல் இருக்க முடியாது என்பதால் ஜிஜா சாயா போட்டாள், வாழைப்பழம் இருந்ததால் பழம்பொரியும் போட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு. ஐந்து இருபத்தைந்துக்குக் குரல் வந்தது.  விஜயம்மா வாயைத் திறந்தாள். ஜிஜா மூச்சை அடக்கினாள். விஜயம்மா அந்த வாயில் ஒரு வாய் சாயாவைக் குடித்து, மெதுவாக விழுங்கினாள். பதில் சொல்லவில்லை.

"எனக்கு ஓர்மையுண்டு" என்றாள் ஆறு மணி தாண்டிய பிறகு. "உங்க மைனியும் நானும் பாலராமபுரத்துச் சேலக் காரியம் பேசிக்கிட்டு இருந்நு. வீட்டுக்காரரு கேட்டது எனக்குக் கேட்டுது. பதில் செல்லாம் செல்லாம்ணு இருந்நு. அதுக்குள்ள அவரு தனியே எறங்கிப் போயிட்டாரு." பிறகு கப்பைக் கீழே வைத்துவிட்டு, "நாளையும் வாறேன்" என்றாள்.

"நாளைக்கு எனக்கு டியூட்டி உண்டு சேச்சி."

"சாவி தந்தா போரும்."

ஆஸ்பத்திரி அலமாரிச் சாவியைக்கூட அடுத்தவர் கையில் கொடுத்துப் பழகாத ஜிஜா, வீட்டுச் சாவியைக் கொடுத்தாள். இரண்டு வாரத்தில், அடுக்களையில் டப்பாக்கள் இடம் மாறியிருப்பதைக் கண்டு சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மூன்றரைக்கு வீடு வந்து சேர்கிற மாதிரி ஷிஃப்டை மாற்றி எழுதிக்கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் மாதத்துக்கு ஒரு நாள் அல்ல, முப்பது நாளும் விருந்தாளிக்குச் சாயா உண்டு. விஜயம்மா நாலு மணிக்கு வெளுத்த நேரியதுச் சேலை உடுத்து வருகிறாள். ஐந்து இருபத்தைந்துக்குக் கேள்வி வருகிறது. அவள் கப்பைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்காரன் கேட்டது காதில் விழாத மனைவியாக ஜன்னலைப் பார்க்கிறாள். ஆர்யா காரோடு மூன்றாம் தடவை வந்து, இந்த ஹாலில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு, அம்மாவின் மருந்துச் சீட்டை ஜிஜாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். சாயா போடுவதில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஷாஜியின் முறை என்று ஜிஜா வைத்திருக்கிறாள். அவன் முறை வரும் நாளில் விஜயம்மா வீட்டிலேயே ஒரு கப் குடித்துவிட்டு வருகிறாள்.

இரண்டாம் ஞாயிறும் திரும்ப வந்துவிட்டது. வருகிற பத்து பேருக்கும் விஷயம் தெரியும். இப்போது அவர்கள் வாய்விட்டுப் பேசுகிறார்கள், ஆனால் யார் எதைக் கேட்டாலும் யாராவது ஒருவர் உடனே பதில் சொல்லிவிடுகிறார்கள், மிச்சம் வைப்பதில்லை. ஐந்து இருபதானால் குழந்தைகளை முற்றத்துக்கு அனுப்பிவிட்டு எல்லாரும் பேச்சை நிறுத்துகிறார்கள். போன வருடம் சபைக்குப் புதிதாக வந்த போதகரின் மனைவி லிஜா விஷயம் தெரியாமல் முதன்முறையாக அந்த வீட்டுக்குச் சாயாவுக்கு வந்தாள். நெய்யாற்றின்கரைக்காரி, நல்ல வளர்ப்பு. பெரியவர்கள் எது கேட்டாலும் மறுமொழி சொல்லப் பழகினவள். "நான் எறங்கட்டா?" என்று தரையிலிருந்து ஒரு வயதானவர் கேட்டதும், அவள் மரியாதையாக எழுந்து, சிரித்த முகத்தோடு வாயைத் திறந்தாள். விஜயம்மாவின் முகம் வெளிறியது. ஜிஜா டிரேயோடு அடுக்களை வாசலில் நின்றாள், எட்டாத தூரத்தில். அப்போது பக்கத்தில் இருந்த கிருபாபாய், வாழ்நாளில் ஒரு பேச்சையும் வாய்க்குள் வைத்துக்கொண்டிராத கிருபாபாய், ஒரு முழுப் பழம்பொரியை எடுத்து அந்தப் பெண்ணின் திறந்த வாய்க்குள் திணித்து, அதைக் கையால் அப்படியே பொத்திப் பிடித்துக்கொண்டாள். ஆறு மணி அடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.